பேசாத பெட்டிக்கும் ஓர் அலாரம்

இன்று காலை பண்டார் தெங்காராவில் போன் டவரின் அடியிலுள்ள அலாரப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் வந்தது. பல்லி நுழைந்து ஒயரைக் கெடுத்துவிடும் என்று, என்னோடு வேலை பார்த்த காலத்தில் நீ துணியில் முடிந்து தொங்கவிட்டது. உருண்டைகள் கரைந்துவிட்டன. துணியில் மட்டும் கொஞ்சம் வாசம் மிச்சமிருந்தது.

அலுவலகத்தில் அலாரங்களை வாங்கிச் சேர்க்கும் பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருக்கிறார்கள்; பெட்டி அதோடு பேசுகிறதா என்று பார்க்கத்தான் போனேன். செம்பனைக் காட்டுக்குள் தனியாக நிற்கும் டவரில் கரண்டு போனாலும், டீசல் குறைந்தாலும், அங்குள்ள சின்னப் பெட்டி அந்தக் கருவிக்குத்தானே சொல்லும். அதை நாம் இருவரும் பொருத்தியபோது, கோளாறு வந்தால் மட்டும் பெட்டி பேசட்டும் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"சத்தம் இல்லன்னா நல்லா இருக்குன்னு யாருடா சொன்னா? ஒயர் அறுந்தாலும் அப்படித்தான் லா இருக்கும்."

ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பெட்டியும் அவ்வப்போது 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே அலாரம் என்றாய். ஆயர் ஈத்தாமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறு ஆறும்வரை வாதாடினாய். உன் பிடிவாதம்தான் ஜெயித்தது.

ஓய்வு பெற்றுப் பொந்தியானில் தனியாக இருந்தபோது, தினமும் காலையில் போனில் எனக்கு அந்த ஒரு சொல்லை அனுப்புவாய். 'இருக்கேன்.' கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் அது வரவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி இருந்தது. சமையலறைத் தரையில் கிடந்த நீ என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"அலாரம் வந்து இவ்வளவு நேரமா லா?"

மருத்துவமனையில் சில நாள் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நீ போய்விட்டாய். அந்தச் சில நாட்களாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று என்னோடு வந்த பொறியாளர் கவிதா, மடிக்கணினியைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அங்கிள் சும்மா சும்மா மெசேஜ்? ஆஃப் பண்ணிடலாமா?"

"வேணாம்மா. முதல்ல ஒயரப் பிடுங்கிட்டுப் பாரு."

பிடுங்கினாள். திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெங்காரா மட்டும் சிவப்பானது. ஒயரை மாட்டிவிட்டு அமைப்பை அப்படியே விட்டாள். உன் துணி முடிச்சில் புது உருண்டைகள் போட்டுத் தொங்கவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காருக்கு வந்தேன்.

காரிலேயே விட்டுப்போன போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள்.

"ஏன்ப்பா இன்னிக்கு ஒண்ணும் அனுப்பல? எத்தனை தடவை கூப்பிடறது? நான் லீவு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்."

மனைவி போனபின் நானும் தனிதான். தினமும் காலையில் மகளுக்கு உன் சொல்லைத்தான் அனுப்புகிறேன். இன்று அவசரத்தில் மறந்துவிட்டேன்.

"இருக்கேம்மா," என்றேன்.

அழுதுகொண்டே திட்டினாள். என் சத்தம் வராவிட்டால் கிளம்பி வர எனக்கும் ஓர் ஆள் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.