பூட்டுப்பாறையில் பார்த்தது

7.3.93, ஞாயிறு

காலையில் பின் போர்ஷன் ஸ்ரீலக்ஷ்மி மாமி வந்தார். "மீனாட்சி, இடுப்பு பிடிச்சுண்டு நிமிரவே முடியலடி. கொஞ்சம் காலால தட்டி விடேன்" என்று கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். தட்டினேன். நான் பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முன்னால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் கால் பட்டால் பிடிப்பு விடும் என்று அபிராமபுரத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். பெரியவர்களை உதைப்பதா என்று முன்பு கூசும். இப்போது உதைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

இவர் ஜவ்வாது மலையிலிருந்து இன்னும் வரவில்லை. லாரித் தண்ணீர் வந்தது. நானும் ஜானுவும் பிடித்து வைத்தோம்.

8.3.93

வந்துவிட்டார். சட்டை முழுக்க வௌவால் எச்சம். ஊறப்போட்டிருக்கிறேன்.

தி.நகரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் இவருக்கு பிளான் வரைகிற வேலை. வாரமெல்லாம் ஊராருக்கு வீடு வரைகிறார், லீவு நாளில் குகை வரைகிறார். அதையும் வீடு மாதிரியே வரைகிறார். ஹால், உள் அறை, அதற்கும் உள்ளே ஒரு கதவு. அந்தக் கதவை யாரும் பார்த்ததில்லை. யாரோ ஒரு பாளையக்காரன் தப்பி ஓடும்போது பொன்னை உள்ளே வைத்துப் பாறையால் பூட்டினான் என்று அடிவாரத்தில் கதை. அதனால் அதற்குப் பெயர் பூட்டுப்பாறை. போன வருஷம் இவர் கோஷ்டியோடு போன ஒருத்தர் உள்ளே சறுக்கி விழுந்து இன்னும் படுக்கையில் கிடக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. முன்பெல்லாம் வரும். எப்போது நின்றது என்று யோசித்தேன். தெரியவில்லை.

15.3.93

பொன்னுரங்கம் என்று ஒரு மந்திரவாதியைப் பிடித்திருக்கிறார்கள். தட்டில் மை தடவிப் பார்த்தால் புதையல் இருக்கும் இடம் தெரியுமாம். எல்லார் கண்ணுக்கும் தெரியாதாம்.

"கால் முன்ன வந்து பொறந்தவங்களுக்குத் தெரியுமாம். நீ ஒரு தடவ வந்து பாரு மீனாட்சி."

"நான் வரல."

"சரி, உடு. ஜானு போதும். வயசுக்கு வராத பொண்ணு பாத்தா இன்னும் தெளிவா காட்டுமாம்."

பெற்ற பெண்ணைப் பற்றி, ஊறுகாய் இல்லாவிட்டால் அப்பளம் போதும் என்பது போலச் சொன்னார். ஜானு அந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது.

நான் வருகிறேன் என்று சொன்னேன்.

21.3.93

மாமியிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. இவர் கெட்டவரா? இல்லை. ஜானுவுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவர். அவளைக் கொண்டுபோய் அந்தப் பொந்துக்குள் விடுவதும் அவளுக்காகத்தான் என்று சொல்வார், மனதாரச் சொல்வார். மை பார்ப்பதோடு நிற்குமா? அடுத்து அந்தப் பொன்னுரங்கம் என்ன கேட்பான்? புதையல் காவு கேட்கும் என்று எத்தனை கதை கேட்டிருக்கிறோம்.

கை கால் நடுங்கவேண்டும். நடுங்கவில்லை. தபால் ஆபீஸுக்குப் போய் ஸ்டாம்பு விற்றுவிட்டு வந்தேன்.

29.3.93

நேற்று போய் வந்தோம்.

ஷரஃபுதீன் வேன் ஓட்டினார். இவருக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, கச்சேரி ரோட்டில் வீடு. புதையலில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. பிறகு ஏன் வருகிறீர்கள் என்று வழியில் கேட்டேன். "நான் வரலேன்னா கனகராஜ் பஸ் புடிச்சித் தனியா போவான் அண்ணி. தனியா போனா சாவான்" என்றார்.

வேன் நின்ற இடத்திலிருந்து வெகு தூரம் ஏற்றம். குகை வாய் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு. பிறகு தவழவேண்டும். முழங்கை இரண்டும் தேய்ந்துவிட்டது. உள்ளே இவர் வரைந்த ஹால் இருந்தது. ஹால் என்ன ஹால், நம் சமையலறை இதைவிடப் பெரிது. மூச்சை அடைக்கிற நாற்றம். ஜானு இந்த இடத்தில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன்.

பித்தளைத் தட்டில் எண்ணெய் விட்டுக் குழைத்த மை. என்னை உட்கார வைத்து மடியில் தட்டை வைத்தான் பொன்னுரங்கம். இவரும் கூட வந்த இரண்டு பேரும் எதிரே. ஷரஃபுதீன் என் தோளுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மையில் ஒன்றும் இல்லை. மைதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அடுத்த வாரம் ஜானு. இருக்கிறது என்று சொன்னால் தோண்டுவார்கள், கிடைக்காது, அப்போதும் ஜானு. வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அறை தெரியுது. காலியா இருக்கு. எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தது? ஆளு தெரியுதா? பாரும்மா, நல்லாப் பாரு."

அதை நான் யோசித்து வைக்கவில்லை. தட்டைப் பார்த்தேன். ஒரு முகம் தெரிந்தது. தெரிந்ததைச் சொன்னேன். தாடி. தலையில் கட்டம் போட்ட துண்டு. இடது புருவத்தில் ஒரு வெட்டு.

சொல்லி முடித்தேன். நிமிர்ந்தேன். எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள்.

விளக்கு வெளிச்சத்தில் ஷரஃபுதீன் முகம் மையில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். தெரிந்து சொன்னேனா, தெரியாமல் சொன்னேனா? சத்தியமாகத் தெரியவில்லை. அப்போதே விளக்கியிருக்கலாம். விளக்கினால் ஜானு.

திரும்பி வரும்போது அவர்தான் வேன் ஓட்டினார்.

2.4.93

"முப்பது வருஷப் பழக்கம். கூடவே இருந்து குழி பறிச்சிட்டான்" என்று இவர் சாப்பிடாமல் எழுந்துபோனார். தட்டைக் கழுவி வைத்தேன்.

9.4.93

கச்சேரி ரோட்டில் நிறுத்தியிருந்த வேனின் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். குகைக்கு வந்த அந்த இரண்டு பேர். தடுக்கப் போன ஷரஃபுதீனுக்குத் தலையில் தையல் போட்டிருக்கிறார்கள். இவர் அங்கே இல்லை. கேள்விப்பட்டு, படட்டும் என்றார்.

19.4.93

தபால் ஆபீஸ் கவுண்டருக்கு ஷரஃபுதீன் வந்தார். தலையில் பிளாஸ்திரி. இன்லண்டு லெட்டர் கேட்டார், கொடுத்தேன். பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மையில என்னையா பாத்தீங்க?"

"ஆமா."

அது பொய்யில்லை. "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவருக்கு மணியார்டர் போட்டேன். கையெழுத்து எப்போதும் போலவே இருந்தது.

3.5.93

வெயில். குழாயில் காற்றுதான் வருகிறது. ஷரஃபுதீன் வேனை யாரும் கூப்பிடுவதில்லையாம், இவர் சந்தோஷமாகச் சொன்னார்.

ஜானுவின் வகுப்பில் பாதிப் பெண்கள் பெரியவர்களாகிவிட்டார்கள். இவள் இன்னும் பாண்டி ஆடுகிறாள். எள்ளுருண்டை செய்து தினமும் கொடுக்கிறேன். எந்தத் தாயாவது இதற்கு அவசரப்படுவாளா? நான் படுகிறேன்.

20.5.93

எள்ளுருண்டை. மாமி கேட்டார், "என்னடி இது, பப்பாளியும் எள்ளுமா குழந்தைய வாட்டறே?" சத்துக்கு என்றேன்.

13.6.93

இவர் மலைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறார். ஃபேனைத் துடைத்தார், ஜானுவை பீச்சுக்குக் கூட்டிப்போனார். இதைத்தானே இத்தனை வருஷம் கேட்டேன்? வந்துவிட்டது. யாரோ ஒருத்தர் தலை உடைந்து வந்த ஞாயிற்றுக்கிழமை.

சுண்டல் வாங்கி வந்தார்கள். நன்றாக இருந்தது என்று சொன்னேன். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

2.7.93

பள்ளிக்கூடத்திலிருந்து ஆயாவோடு அனுப்பிவிட்டார்கள். ஜானு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பயந்து அழுதாள். நான் சிரித்தேன். பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இனிமே எவன் வந்து கேப்பான்? கேட்டுப் பாக்கட்டும்.

3.7.93

ஆபீசுக்கு லீவு. கச்சேரி ரோடு போனேன்.

சந்துக்குள் இரண்டாவது வீடு. வேன் வாசலில் தூசி படிந்து நின்றது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட். அவர் மனைவி சகினா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனேன்.

எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். மையில் ஒன்றும் இல்லை, உங்கள் நிழல்தான் விழுந்தது, ஜானுவுக்காகச் சொன்னேன், நேற்று அவள் பெரியவளாகிவிட்டாள், இனி அந்தப் பயம் இல்லை, அதனால் வந்தேன். நீங்கள் என்ன செய்தாலும் சரி.

ஷரஃபுதீன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "தெரியும் அண்ணி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வெளக்கு என் கையிலதானே இருந்துச்சி. என் மூஞ்சி எங்க உழுந்துச்சின்னு எனக்குத் தெரியாதா? ஜானுவ வெச்சி மை பாக்கலாம்னு அவங்க பேசினது என் காதுலயும் உழுந்துச்சி. கவுண்டர்ல நீங்க ஆமான்னு சொன்னப்பவே மீதியும் புரிஞ்சி போச்சி. நான் வாயத் தொறந்து, பொருளு அங்கியே கீதுன்னு அவனுக்குத் தோணிச்சின்னா, மறுநாளே கொழந்தைய இஸ்துக்கினு போயிருப்பான். கனகராஜ எனக்குத் தெரியாதா அண்ணி?"

சகினா அப்போதுதான் பேசினாள். "என்கிட்டகூட சொல்லல இந்த மனுசன். நானும் திருட்டுப் பட்டத்தத்தான் சொமந்தேன்." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஆனால் டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. லஸ் வரை நடந்து வரும்போது அழுதேன். ரோட்டில், எல்லாரும் பார்க்க. எத்தனை நாள் சேர்த்து வைத்ததோ.

4.7.93

இவரிடம் சொன்னேன். மையில் எதையும் பார்க்கவில்லை என்றேன். எப்படி நடந்தது என்று தட்டை வைத்து, விளக்கை வைத்துக் காட்டியே விட்டேன்.

பொறுமையாகக் கேட்டார். "அவன் வந்து அழுதானா? உனக்கு மனசு எளகிடுச்சி" என்றார்.

"நான்தாங்க பொய் சொன்னேன்."

"அன்னிக்கிச் சொன்னதுதான் நெசம். இப்பதான் நீ பொய் சொல்ற."

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. திருட்டுப் போனது என்றால்தான் அங்கே ஏதோ இருந்தது என்று ஆகும். ஒன்றுமே இருந்ததில்லை என்றால் இத்தனை வருஷம் எதற்குத் தவழ்ந்தார்? அதை அவரால் தாங்க முடியாது.

11.7.93, ஞாயிறு

ஆடி பிறக்கும் முன் என்று இன்றைக்கே தண்ணீர் ஊற்றினோம். பக்கத்துச் சத்திரத்தில் நாற்காலி வாங்கி மொட்டை மாடியில் பந்தல். ஜானு பட்டுப் பாவாடையில் யாரோ மாதிரி இருந்தாள்.

ஷரஃபுதீனையும் சகினாவையும் நான்தான் போய் அழைத்தேன். இவரிடம் காலையில் சொன்னேன். "அவன் வந்தா நான் இருக்க மாட்டேன்" என்றார். உங்கள் இஷ்டம் என்றேன். அந்த வார்த்தை என் வாயில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பதினோரு மணிக்கு வந்தார்கள். சகினா கண்ணாடி வளையல் கொண்டுவந்திருந்தாள். ஜானுவின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். ஷரஃபுதீன் தள்ளி நின்று, "நல்லா படிக்கணும் கண்ணு" என்றார். ஜானு அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியவேண்டாம்.

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போவதை மாடியிலிருந்து பார்த்தேன். மூலை திரும்பும்போது ஒரு தடவை நின்றார். கூப்பிட்டால் திரும்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கூப்பிடவில்லை. பந்தி ஆரம்பித்துவிட்டார்கள். முதல் இலையில் ஷரஃபுதீனை உட்காரவைத்து நானே பரிமாறினேன்.