ரூபி ஏன் வேண்டாம் என்றாள்

மதுராந்தகம்
7.7.2024

அன்புத் தம்பி கலைவாணனுக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் பக்கத்தில் படுத்திருக்கும் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் கடிதம். உன் நாவல் வந்து சேர்ந்தது. ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் கொஞ்சம் அவருக்குப் படித்துக் காட்டினேன். பக்கவாதம் வந்த பிறகு அவர் எதையும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. முடித்ததும், "இதுல யாரும்மா மெயினு? அந்தப் பெரியவரா, புள்ளையா?" என்றார். 

என்னோடு ஸ்கூலில் வேலை பார்க்கும் ஜெஸ்ஸி, கதையில் படுக்கையில் கிடக்கும் அப்பாதான் என்கிறாள். எனக்கென்னவோ மகள் ரூபிதான் என்று தோன்றியது. பக்கத்துக்குப் பக்கம் அவள்தானே நடமாடுகிறாள்? நீயே சொல்லிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மார்கரெட்

நாவலூர்
15.7.2024

அன்புள்ள அக்கா,

இதில் குழம்ப ஒன்றுமில்லை. நாயகன், ஊரைவிட்டு வேலைக்குப் போகும் மகன் ஜோயல். கதை முழுக்க அவன் கண் வழியாகத்தான் போகிறது. யார் மாறுகிறார்களோ அவர்கள்தான் முக்கியப் பாத்திரம். ரூபி முதலிலிருந்து கடைசிவரை அப்படியேதான் இருக்கிறாள். அவள் நீயில்லை, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. இந்த ப்ராஜெக்ட் முடியும்வரை வர முடியாது. அப்பாவிடம் சொல்.

கலைவாணன்

மதுராந்தகம்
28.7.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இன்னும் குழம்பிப் போனேன். ஜோயல் மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்து அப்பாவை நினைத்து அழுவதை நன்றாக எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் வீட்டில் அப்பாவைக் குளிப்பாட்டுகிறவள் ரூபி. அது ஒரே வரி. இன்னொரு வரியும் இருக்கிறது, பெண் கேட்டு வந்தவனை ரூபி வேண்டாம் என்றாள் என்று. ஏன் வேண்டாம் என்றாள்? தேடித் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை. உனக்கே தெரியாதா, தெரிந்தும் விட்டுவிட்டாயா?

போன வாரம் பன்னீர்செல்வம் வந்திருந்தார். என்னைப் பெண் கேட்ட அதே பன்னீர்செல்வம்தான். இப்போது வேலை செங்கல்பட்டில். வாசலில் நின்றபடியே, "இப்பவும் அதேதான் சொல்லுவியா மார்கரெட்?" என்று கேட்டார். அப்பா கூப்பிட்டார், உள்ளே போய்விட்டேன்.

மார்கரெட்

நாவலூர்
5.8.2024

அன்புள்ள அக்கா,

அந்தக் காரணத்தை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. பன்னீர்செல்வத்தை உனக்குப் பிடிக்கவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லையா? அப்படியில்லை என்றால் நான் யாருடைய கதையை எழுதினேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஏன் வேண்டாம் என்றாய், அக்கா?

கலைவாணன்

மதுராந்தகம்
11.8.2024

தம்பி,

பிடிக்காமல் இல்லை. நான் போய்விட்டால் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க ஆளில்லை. இந்தக் கேள்வியை நீ அப்போதே கேட்பாய் என்று இருந்தேன்.

அப்பாவிடம் நேற்று எல்லாம் சொன்னேன்.  "நீ போம்மா. அவன் வந்து பாத்துகினு இருக்கட்டும்" என்றார். கோபமா சந்தோஷமா, தெரியவில்லை. நான் செய்வது சரியா என்றும் புரியவில்லை. ஆனாலும் பன்னீர்செல்வத்திடம் சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம். அதற்குள் பெட்டியோடு வா. நீ வராவிட்டால் ஜெஸ்ஸியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவேன்.

மார்கரெட்

மதுராந்தகம்
2.9.2024

அன்புள்ள அக்கா,

நீ செய்து காட்டியபடிதான் தூக்குகிறேன், இருந்தும் அப்பா முனகுகிறார். எந்தப் பக்கம் கை கொடுப்பது என்றே பிடிபடவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆபீசில் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் கூப்பிடுகிறார். இன்றைக்குக் கஞ்சி தீய்ந்துவிட்டது. "அவளாண்ட போன் போட்டுக் கேளேன்" என்றார். நான் போனை எடுத்ததும், "வேணா, வுடு. இப்பத்தான் போயிருக்குது" என்று தடுத்துவிட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லை. முடிகிறபோது வா. மாமாவையும் அழைத்து வா.

உன் தம்பி,
கலைவாணன்