வரப்புக்கு அந்தப் பக்கம் வெளிநாடு

மார்ச் 15, 2020

மலேசியா டிக்கெட் வந்துவிட்டது. ஏப்ரலில் காட்டுக்குள் கூடாரம் போட்டு நாலு நாள் தங்கப்போகிறோமாம். எனக்குக் காடும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம். நாலு ராத்திரி இவரும் நானும் ஒரே நேரத்தில் தூங்கினால் போதும். கல்யாணமாகி மூன்று வருடம். எனக்குப் பகல் ஷிப்ட், இவருக்கு நைட் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது ஓ.டி. வந்துவிடும். ஒரே கட்டில், ஆள் மாற்றி ஆள். சாயங்காலம் வந்து சுவர் ஓரமாகச் சாய்ந்தால் சில நாள் தலையணை சூடாகவே இருக்கும்.

மார்ச் 24

விமானம் ரத்து. அது போதாதென்று, இவர் அம்மாவைப் பார்க்கக் கோவில்பட்டி போன இடத்தில் ஊரடங்கு. ஊரே புருஷனும் பொண்டாட்டியுமாக வீட்டுக்குள் அடைந்து கிடக்கும். நான் மட்டும் கூடாரப் பையோடு. நல்லா இருக்கு நியாயம்!

ஜூன் 9

வந்து சேர்ந்தார். நாளைக்கே நைட் ஷிப்ட். என்ன ஜென்மமோ.

ஜூன் 26

இவர் கம்பெனிக் கூட்டாளி கிருஷ்ணப்பனுக்குப் பாகலூர் தாண்டி ரோஜாத் தோட்டம் இருக்கிறது. கடைசி வரப்பு வரை தமிழ்நாடு, அதற்கப்புறம் கர்நாடகா. நாளைக்கு அங்கே கூடாரம் போடலாமாம். இரண்டு பேரும் லீவு சொல்லியாச்சு.

"தோட்டத்துக்குள்ளயே போடலாமே, எதுக்குங்க வரப்பைத் தாண்டணும்?"

"அந்தப் பக்கம் போறதுக்குப் பாஸ் கேக்குறாங்கல்ல? பாஸ் கேட்டா அது வெளிநாடுதான், பவளம்."

இந்த ஆளை என்ன சொல்ல?

ஜூன் 28

ஐயோ, எங்கே தொடங்குவது!

நேற்று கூடாரத்துக் கம்பியை மாட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. படுத்ததும் நான் தூங்கிவிட்டேன். இவர் நைட் ஷிப்ட் பழக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்து கொசு அடித்திருக்கிறார். காலையில் நான் கண் விழித்தால் இவர் குறட்டை. இதுக்குத்தானா இத்தனை பாடு?

வெளியே கர்நாடகாப் பக்கத்து ஊர்க்காரர்கள் கம்போடு நின்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து கொரோனா கொண்டுவந்துவிட்டோம் என்று கன்னடத்தில் ஒரே சத்தம். சுருட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டினால், இந்தப் பக்கம் நம்ம ஊர்க்காரர்கள் முள்ளை வெட்டிப் போட்டு நிற்கிறார்கள். "கர்நாடகால இருந்து யாரையும் உள்ள விட மாட்டோம்!"

அரை மணி நேரம் வரப்பு மேலேயே நின்றோம். இவர் தலையில் கூடாரம்.

கிருஷ்ணப்பன் ஓடி வந்தான். "அட, நேத்துத்தான்பா எந்தோட்டத்து வழியாப் போனாங்க!"

"அப்போ போனது நெசந்தானே?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

சுகாதாரத் துறை அம்மா வந்து, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். இந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? "வெளிநாடு மாதிரிதாங்க மேடம்!" அந்தம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார். வீட்டுக் கதவில் ஸ்டிக்கர். பதினாலு நாள் இரண்டு பேரும் வாசலைத் தாண்டக் கூடாது.

ஜூன் 29

நேற்று ராத்திரி இரண்டு பேரும் ஒன்றாகச் சுவர் ஓரத்துக்குப் போனோம்.

"அது என் எடம்."

"மூணு வருஷமா நான் அங்கதான் படுக்குறேன்."

"நானுந்தான் அங்க படுக்குறேன்!"

கோபித்துக்கொண்டு ஹாலில் கூடாரத்தை விரித்துப் படுத்துவிட்டார். படுக்கட்டும். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஜூலை 2

கூடாரத்துக்குள் ஃபேன் காத்து வராதாம். வேர்த்து வழிய வந்து கட்டிலின் விளிம்பில் முனகிக்கொண்டே படுத்தார்.

ஜூலை 7

நேற்று முதல் முறையாக இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தூக்கம் வந்தது. நடுவில் விழித்தேன். இவர் தூக்கத்தில் பேசுகிறார்! கம்பெனி மெஷினை வாடா போடா என்று திட்டுகிறார். மூணு வருஷமா எனக்குத் தெரியாதே இது. சிரித்துச் சிரித்து வயிறு வலி.

ஜூலை 12

இன்றோடு முடிகிறது. எதிர்வீட்டு நாராயணம்மா தெருவில் நின்றபடியே, "பாவம், பதினாலு நாளா எப்படித்தான் கெடந்தீங்களோ!" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு தக்காளி கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 14

மறுபடியும் பழைய ஷிப்ட். நான் வரும்போது இவர் கிளம்பிவிட்டிருந்தார். பகல் முழுக்கத் தனியாகத்தான் தூங்கியிருக்கிறார். ஆனாலும் கசங்கிய தலையணை விளிம்பில் கிடந்தது. சுவர் ஓரத்தில் என் தலையணை, காலையில் நான் வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது.