நீல மையில் எழுதிய எழுபத்திரண்டு சீட்டுகள்

படப்பை,
11.8.1991

அன்பு மகள் அற்புதமேரிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அம்மாவும் வில்சனும் சுகமாக இருக்கிறோம். டேராடூன் குளிரிலும் மழையிலும் உனக்குச் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறோம். 29ஆம் தேதி போட்ட உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் இரண்டு நாள் சும்மா இருக்கிறது, மறுபடி கோயில் படி ஏறினால் பிடித்துக்கொள்கிறது. தம்பி வில்சனுக்குக் கிண்டி லேத் பட்டறையில் ஓ.டி. அதிகம், போன ஞாயிறு பூசைக்குக் கூட வரவில்லை. நீ எழுதிக் கேட்டால் கேட்பான், நான் சொன்னால் சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். தாம்பரம் ரோடு ஓரமெல்லாம் மனைக்கல் நட்டுக்கொண்டே போகிறார்கள், தினமும் இரண்டு மூன்று பத்திரமாவது எழுத வருகிறது, கை ஓய்ந்துபோகிறது.

இதையெல்லாம் எழுதி நாளைக் கடத்தப் பார்க்கிறேன் என்பது உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். ஊரெல்லாம் என் எழுத்தை நம்பி நிலத்தை எழுதிக்கொடுக்கிறது, எனக்கு என் மகளுக்கு ஒரு கடிதம் எழுத வரவில்லை. அம்மாதான் நேற்று, அடுத்த மாதம் அஞ்சாந்தேதி அவ பெங்களூர்ல கட்டுரை வாசிக்க மேடை ஏறப்போறா, அதுக்கு முன்னாடி சொல்றியா, இல்ல நான் வில்சனை விட்டு எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டாள். அதனால் சொல்லிவிடுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை என்னை ஏசாதே, முடித்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு.

போன ஆனியில் நீ லீவு முடிந்து கிளம்பும்போது உன் நத்தை ஆராய்ச்சிக்கு இங்குள்ள ஆறு ஏரியிலும் ஏரிக்குப் பன்னிரண்டு இடம் என்று குறித்து, நத்தை பிடித்துப் போட மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் வாங்கிய காலி ஊசிமருந்து பாட்டில்களையும் ஸ்பிரிட் டின்னையும் வைத்துவிட்டுப் போனாய். முதல் இரண்டு தடவைக்கான சீட்டுகளை நீயே எழுதி அடுக்கி வைத்திருந்தாய். மூன்றாம் தடவைக்கு வெறும் அட்டைத் துண்டுகளும் இரண்டு பென்சிலும் கொடுத்து, அப்பா, பென்சில்லதான் எழுதணும், சீட்டை பாட்டிலுக்கு உள்ளேதான் போடணும் என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இரண்டு தரம் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன் அற்புதம். முப்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதுகிறவன் நான், பென்சிலில் எழுதியதை ஒரு எழுத்தாகவே மதித்ததில்லை. யார் வேண்டுமானாலும் அழிக்கலாம், மாற்றலாம், அது எப்படிச் சாட்சியாகும் என்று நினைத்தேன். படித்த பிள்ளை, சின்ன விஷயத்தில் கவனம் இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறது என்று எண்ணி, நவம்பரில் மூன்றாம் தடவை எடுத்தபோது, நான் பத்திரத்துக்கு வைத்திருக்கும் நீல மையில், ஏரியின் பெயர், இடத்தின் எண், தேதி எல்லாம் முத்துமுத்தாக எழுதி எழுபத்திரண்டு சீட்டையும் பாட்டிலுக்குள் போட்டேன். எண்தான் உள்ளே இருக்கிறதே என்று ஏரிவாரியாக வைத்திருந்த ஆறு பையையும் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கினேன். சுருக்காக வேலை முடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

பத்து நாள் கழித்துத் திறந்தால் ஸ்பிரிட் எல்லாம் வெளிர்நீலம். சீட்டெல்லாம் வெள்ளை. நாலைந்தில் ஒரு கோடு, ஒரு சுழி தெரிந்தது, அவ்வளவுதான். அன்றே உனக்குத் தந்தி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பெண்ணிடம் போய், நீ சொன்னதை நான் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

மணிமங்கலம் ஏரிக்கரையில் இருக்கும் சின்னப்பொண்ணுதானே உனக்காக ஆறு ஏரியிலும் தண்ணீரில் இறங்கி நத்தை எடுத்தவள், அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டினேன். சிலதைப் பார்த்து அடையாளம் சொன்னாள், பலதுக்கு உதட்டைப் பிதுக்கினாள். தட்டையாகச் சுருண்ட நத்தைகள் இருந்த ஆறு பாட்டில்களைப் பார்த்து, இது எங்க ஏரி மதகாண்ட எடுத்தது மாதிரி கீது சார், ஆனா சத்தியம் பண்ணமாட்டேன் என்றாள். அதற்குள் நான் மணிமங்கலத்துக்குப் பன்னிரண்டு பாட்டில் எழுதி முடித்திருந்தேன். எழிச்சூருக்கு ஆறு குறைந்தது. கணக்கு நிரவ வேண்டுமே என்று அந்த ஆறையும் எழிச்சூரில் போட்டேன். அப்போது அவள், இன்னா சார், நீயா நெனச்சிகினு எழுதற, தெரியலன்னா தெரியலன்னு எழுதிட்டுப் போயேன் என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்று அதட்டினேன். ஸ்பிரிட்டை மாற்றி, பழைய தேதியையே போட்டு, இந்த முறை நீ சொன்னபடி பென்சிலில் எழுதினேன். எத்தனையோ பேர் வீட்டு வாசலில் வந்து கெஞ்சியும் ஒருவருக்கும் முன்தேதி போட்டுப் பத்திரம் எழுதிக் கொடுக்காதவன், பெற்ற பெண்ணுக்கு எழுதி அனுப்பினேன். நாலாம் தடவை பாட்டில்களோடு சேர்த்து ரயில் பார்சலில் போயிற்று.

பிறகு நீ எழுதினாய். மாட்டுக்குப் புழுநோய் கொடுக்கும் அந்தத் தட்டை நத்தை எழிச்சூரில் மூன்றாம் தடவை மட்டும் திடீரென்று வந்து, நாலாம் தடவை காணாமல் போயிருக்கிறது, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருக்கும், புரொபசருக்கு ஒரே சந்தோஷம், அதைத்தான் பெங்களூரில் வாசிக்கப்போகிறேன் என்று. எல்லார் சீட்டிலும் அப்பா சீட்டுதான் தெளிவு என்று அவர் சொன்னதையும், கட்டுரையின் நன்றிப் பகுதியில் என் பெயர் வருவதையும் எழுதியிருந்தாய். அம்மா அதை அண்டை வீட்டுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாள், அப்போது அவளுக்கும் தெரியாது. நான் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன்.

அதோடு நின்றிருந்தால் இன்னும் கூட வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ, அப்படிப்பட்ட மனுஷனாகிவிட்டேன். நீ இங்கே மாட்டு டாக்டருக்கு எழுதியபடி ஜூனில் எழிச்சூர் பக்கத்து மாடுகளுக்கெல்லாம் முதலில் மருந்து ஊற்றினார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை, உன் காகிதத்தை நம்பினார்கள். மணிமங்கலத்துக்கு அடுத்த நடை வருவதாகச் சொல்லியிருந்தது. ஜூலையில் சின்னப்பொண்ணுவின் கன்றுக்குத் தாடைக்குக் கீழே வீங்கி, கழிச்சல் கண்டு, ஒன்பதாம் நாள் செத்துப்போயிற்று. அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்து நின்று, எங்க ஏரியாண்ட ஏன் சார் மருந்து ஊத்தல, அந்த நத்த எங்க மதகுலதான கெடந்துச்சி என்று மட்டும் கேட்டாள். என் சீட்டால்தான் அந்தக் கன்று செத்தது என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றும் தெரியாது. அவளிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். மறுநாள் மாட்டு டாக்டரிடமும் போய்ச் சொன்னேன், அவர், மணிமங்கலத்துக்கு இந்த வாரமே ஆள் அனுப்புகிறேன் என்றார், அனுப்பியும் விட்டார். மாட்டு டாக்டரிடம் சொல்ல வந்த தைரியம் உன்னிடம் சொல்ல வரவில்லை, அதற்கு இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 1990 நவம்பர் மூன்றாம் தடவைச் சீட்டுகள் எழுபத்திரண்டும் யேசுராஜ் ஆகிய நான் ஊகித்து எழுதியவை, என் மகளுக்கு இது தெரியாது, இவற்றில் ஒன்றையும் நம்ப வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சிக்குச் சின்னப்பொண்ணு ரேகை வைத்திருக்கிறாள். அதைப் புரொபசரிடம் காட்டிவிடு. அவர் உன்னை ஒரு வார்த்தை சொன்னாலும் எனக்கு எழுது, நானே ரயிலேறி வந்து அவர் முன் நிற்கிறேன். நன்றியில் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைப் போடு. உன் ஒரு வருஷ உழைப்பில் நான் மண்ணைப் போட்டேன், மன்னித்துவிடு என்று கேட்கக்கூட நாக்குக் கூசுகிறது.

இரண்டு மாதத்தில் மழை பிடித்துவிடும். திரும்ப எடுக்க வேண்டும் என்றால் நீயே வா, வர முடியாவிட்டால் சொல், தண்ணீரில் இறங்கச் சின்னப்பொண்ணு சரி என்றிருக்கிறாள், சீட்டு எழுத அம்மா இப்போதே பென்சிலைச் சீவி வைத்துவிட்டாள். எனக்குக் கூடை தூக்கும் வேலை கொடுத்தால் போதும். ராத்திரி கண் விழிக்காதே, வெந்நீர் குடி. ஐந்தாம் தேதிக்குள் பதில் போட மறக்காதே, அந்த எழுபத்திரண்டையும் நீக்கிவிட்டேன் என்ற ஒரு வரி போதும். மாதா உன்னைக் கைவிடமாட்டாள், அம்மாவின் முத்தமும் ஆசியும். என் ஆசியையும் அனுப்புகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
நீ இன்னும் அப்பா என்று கூப்பிடுவாய் என்ற நம்பிக்கையில்,
ம. யேசுராஜ்