சத்தம் வெளியே போகாத அறை

பிப்ரவரி 3

இசையமைப்பாளர் கூப்பிட்டே விட்டார். இதுவரை பெரிய பாடகிகளுக்கு மாதிரி பாடிக் கொடுத்த என் குரல், இந்தப் படத்தில் அப்படியே இருக்குமாம். அம்மா சும்மா இருப்பாளா? மாமாவில் தொடங்கி மாடி வீட்டுக்காரர்கள் வரை தண்டோரா போட்டாயிற்று. "காலேஜ் முடிச்சதும் வேலைக்கு அனுப்புன்னு சொன்னவங்கல்லாம் மூக்குல விரல் வைக்கட்டும்."

பிப்ரவரி 9

ஒலிப்பதிவாளரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நான் பாடும் கண்ணாடி அறைக்குள் இசையமைப்பாளர் வந்தார். "மூச்சு இங்கேருந்து வரணும்மா" என்று வயிற்றில் கை வைத்தார். சொல்லி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. பல்லவியை உளறினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி.

பிப்ரவரி 10

நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனா? அப்பா வயசு அவருக்கு.

பிப்ரவரி 16

எழுத வரவில்லை.

துணைக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். அவளை முன்னறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். உள்ளே, கதவைச் சாத்திவிட்டு என் தோளைப் பிடித்து இழுத்தார். விடுங்க சார் என்றேன். கத்துவேன் என்றேன். சிரித்தார். "கத்தேன். சத்தம் வெளிய போகக் கூடாதுன்னுதானே இப்படிக் கட்டியிருக்கேன்."

தள்ளினேன் — எப்படித் தள்ளினேன்? மைக் ஸ்டாண்டு சரிந்தது. அவர் என்னை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். அந்த இடைவெளியில் ஓடி வந்துவிட்டேன்.

"அதுக்குள்ள பாடிட்டியா?" என்றாள் அம்மா. தலையாட்டினேன். பாவி, தலையாட்டினேன்.

பிப்ரவரி 18

பாட வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது.

பிப்ரவரி 20

அங்கே கோரஸ் பாடும் அக்கா போன் பண்ணினாள். சுற்றி வளைக்கவில்லை. "உனக்கும் மூச்சு சொல்லிக்குடுத்தாரா?"

அழுதேன். அவளும் அழுதாள். "எனக்கு நடந்தப்போ நான் வாயை மூடிக்கிட்டேன்டி. நீ போய்ச் சொன்னா நானும் வர்றேன்."

பிப்ரவரி 21

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான் வெளியிலதானே உக்காந்திருந்தேன்... ஜூஸ் குடிச்சிக்கிட்டு." பிறகு எழுந்தாள். "கிளம்பு. போலீஸுக்குப் போவோம்."

மார்ச் 5

கோரஸ் அக்காவும் வந்து புகார் கொடுத்த நாளிலிருந்து ஒரு பைக் தெருமுனையில் நிற்கிறது. போனில் ஒருவன்: "தொண்டைன்னு ஒண்ணு இருந்தாத்தானே பாடுவே?" கதவுக்கு முட்டாகக் கட்டிலை இழுத்துப் போட்டோம்.

மாமா வந்து, பொண்ணு பேரு கெட்டுடும் என்றார். "யாரு பேரு கெடுதுன்னு பாப்போம்ண்ணே," என்றாள் அம்மா.

ஏப்ரல் 28

படப்பாட்டு வந்துவிட்டது, வேறு யார் குரலிலோ. எந்த ஸ்டுடியோவும் என்னைக் கூப்பிடுவதில்லை. அவர் ஜாமீனில் வந்து மறுபடி வேலை பார்க்கிறாராம்.

மத்தியானம் தெரியாத எண். பயந்துகொண்டேதான் எடுத்தேன். சின்னக் குரல். "அக்கா, நான் புதுசா பாட வந்தவ. உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். நாளைக்கு அவர் தனியா வரச் சொல்றாரு. போகட்டுமா?"

போகாதே என்றேன். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டாள்.

அம்மா இரவுக்கு இன்னொரு தட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.