வதனியின் உறையும் இரண்டு திருகாணிகளும்

மே 4, ஞாயிறு

காலையில் தூறல், பத்து மணிக்குப் பிறகு வெயில். துப்பாக்கிக் கிளப்பில் ஆறரை மணித்தியாலம். பிஸ்டல் செருகும் பழைய உறை வலது இடுப்பெலும்புக்கு மேல் தோலைச் சிவக்க வைத்துவிட்டது. புதியது வாங்கியே ஆகவேண்டும்.

இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் அமெரிக்கர்கள். விடிந்தால் பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு மரக்கறி வாங்கப் போகிறவர்கள். இந்த நாட்டில் சட்டப்படி வீட்டுப் பெட்டகத்திலிருந்து கிளப் வரைக்கும் அது பூட்டிய பெட்டிக்குள். ஆனால் கிளப்பில் நாள் முழுக்க, குண்டில்லாமல், இடுப்பில்தான் கிடக்கிறது. அதனால் அவர்கள் புத்திமதி எனக்கும் கொஞ்சம் உதவும்.

வேண்டியது:
– தலைகீழாகப் பிடித்தாலும் விழக்கூடாது
– விசை முழுதாக மூடியிருக்க வேண்டும்
– பார்க்காமல் ஒரு கையால் திரும்ப வைக்க வாய் திறந்து நிற்க வேண்டும்
– குந்தி எழும்பும்போது விலாவில் குத்தக்கூடாது
– தோல் வேண்டாம், வியர்வையில் ஊறும்

மனிசி வதனி இன்று ஐம்பது வேட்டில் நாற்பத்தேழு இலக்கின் உள்வட்டத்தில். நான் முப்பத்தெட்டு. நான் சேர்ந்து மூன்று வருடம், அவள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தனிய வீட்டில் இருக்க ஏலாது என்று வந்தவள். கூட்டிக்கொண்டு போனது நான்தான், என்னைச் சொல்லவேண்டும். அவளுக்குப் பல் கட்டும் லாபில் வேலை. நாள் முழுக்க மெழுகில் பல் செதுக்குகிற கை ஆடுமா? நான் விரிப் பக்கம் சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்டோடு குலுங்குகிறவன். (சாட்டு. எனக்கே தெரியும்.)

கிளப் கப்டன் அவளைக் கூப்பிட்டுக் கதைத்தார். உறையிலிருந்து எடுத்துச் சுடும் சோதனை 18ஆம் திகதி. தேறினால் கிளப் அணியில் இடமாம். என்னை ஒருநாளும் கேட்டதில்லை. கை கொடுத்து வாழ்த்தினேன். என் முகம் எப்படி இருந்ததோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மே 7, புதன்

மழை. விரியில் இரண்டு லொறி பிந்தி வந்தது. மகள் அபியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு, எப்சமில், அடுத்த செவ்வாய். மறக்கக்கூடாது.

வதனிக்கு நான் ஒரு உறை தெரிவு செய்து வாங்கியிருந்தேன், என்னுடையது மாதிரியே. போட்டுப் பார்த்தாள். கைபிடி விலாவில் குத்துகிறதாம். போகப் போகப் பழகும் என்றேன். "உங்களுக்குப் பொருந்தினால் எனக்கும் பொருந்த வேணுமோ?" என்றாள்.

கப்டன் சொன்னாராம், த்ரீ கிங்ஸில் எங்களுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற மூர்த்தியிடம் போகச் சொல்லி. அவனும் எங்கள் கிளப்தான். பிஜிக்காரன், பெயர்ப்பலகை எழுதுகிறவன். கராஜில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, நீல நிறப் பொய்த் துப்பாக்கிமேல் அமுக்கி உறை செய்கிறான். பின்னேரமே போனோம். அவனுக்குத் தமிழ் பத்துச் சொல்தான் தெரியும். பத்தையும் என் மனிசிக்கே செலவழித்தான். வாங்க அம்மா, உக்காருங்க அம்மா, நல்லா இருக்கு அம்மா.

இடுப்பு அளக்க வேண்டியிருந்தது. அவன் தொடவில்லை. நாடாவை அவளிடமே கொடுத்து அளக்கச் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றான். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை. இனி இங்கே அவன் வெறும் மூ.தான். அவன் பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை.

மே 10, சனி

நல்ல வெயில். உடுப்புத் தோய்த்தது, புல் வெட்டவில்லை.

மூ. செய்த உறை வந்துவிட்டது. பெண்கள் இடுப்பு அகலம் என்பதால் இரண்டு விரல் கீழே இறக்கி, கைபிடி வெளியே சாயும்படி செய்திருக்கிறான். பிஸ்டலை இறுக்கிப் பிடிக்க இரண்டு திருகாணி. குறை சொல்ல வேண்டுமென்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

வதனி பழகுவதற்காகக் காலையிலிருந்து அதைப் போட்டபடி சமைத்தாள், வீடு கூட்டினாள். பிறகு தெருமுனைக் கடைக்கு, டெய்ரிக்கு, பால் வாங்கப் போய், திரும்பி வந்து ஸ்வெட்டரைக் கழற்றும்போதுதான் இடுப்பில் உறை இருப்பதே தெரிந்ததாம். நல்ல காலம், வெறும் உறை. பழக மூ. கொடுத்த பொய்த் துப்பாக்கி மேசையில். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. உடனே மூ.வுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாள். இருபது நிமிடம். அவ்வளவு வசதியான உறையாம். கடைசியாக நான் எப்போது அவளை அப்படிச் சிரிக்க வைத்தேன்? யோசித்தேன். பிடிபடவில்லை.

அபி என்னைப் பார்த்து, "அப்பா, ஆர் யூ ஜெலஸ்?" இல்லை என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மே 12, திங்கள்

எழுதக்கூடாது. எழுதுகிறேன்.

பின்னேர ஷிஃப்ட். அவர்கள் இருவரும் போய்விட்டார்கள். தேத்தண்ணி குடித்தேன், குப்பை வாளியை வெளியே வைத்தேன். வதனியின் உறை அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. என் சாவிக்கொத்திலேயே அலன் கீ இருக்கிறது. இரண்டு திருகாணியையும் அரைச் சுற்று இளக்கினேன்.

பிஸ்டல் கொஞ்சம் ஆடும், அவளுக்கு அவன்மேல் கோபம் வரும், நான் வாங்கியதைப் போடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என்று எழுதலாம். அது பொய். சோதனையில் பிஸ்டல் நிலத்தில் விழுந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள், அணியும் இல்லை. அதையும் நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் திருப்பினேன்.

மே 14, புதன்

காற்று. பக்கத்து வீட்டு வாளி எங்கள் முற்றத்தில்.

பின்னேரம் வதனி உறையை எடுத்து, பொய்த் துப்பாக்கியை வைத்து, கட்டிலுக்கு மேல் தலைகீழாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். இப்படி ஒரு சோதனை வாரத்துக்கு ஒருதரம் செய்ய வேண்டும் என்று மூ. சொல்லியிருக்கிறானாம். எனக்குத் தெரியாது. துப்பாக்கி மெத்தையில் தொப்பென்று விழுந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. கையால் செய்கிற சாமான் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். உள்ளுக்குள் குளிர்ந்தது. உண்மை, குளிர்ந்தது.

கையோடு த்ரீ கிங்ஸ் கராஜுக்குப் போனோம். மூ. உறையை விளக்கடியில் பிடித்தான். திருகாணித் தலையிலிருந்து பிளாஸ்டிக் வரைக்கும் மயிரளவில் ஒரு வெள்ளைக் கோடு. பலகை எழுதுகிற தூரிகையால் ஒவ்வொரு உறையிலும் அவன் இழுக்கிற கோடு. யாராவது திருப்பினால் கோடு உடைந்து காட்டும். நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இரண்டு கோடும் உடைந்திருந்தன, இரண்டும் ஒரே அளவு.

கோட்டைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தான். வதனியைப் பார்க்கவில்லை.

"மை மிஸ்டேக், அம்மா," என்றான். "மன்னிக்கணும்."

இறுக்கினான். பழைய கோட்டைச் சுரண்டிப் புதிதாக இழுத்தான். கிளப்பில் இன்னும் ஆறு பேர் தன் உறையைப் போடுகிறார்கள், கப்டனுக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

மே 16, வெள்ளி

மழை, மழை, மழை.

கப்டனின் மின்னஞ்சல் எல்லோருக்கும்: கையால் செய்த உறைகளைப் பரிசோதிக்கும்வரை பாவிக்க வேண்டாம். மூர்த்தி இனி யாருக்கும் செய்வதில்லை என்று சொல்லிவிட்டானாம். பெயரை முழுதாக எழுதிவிட்டேன்.

வதனி வெங்காயம் வெட்டிக்கொண்டு, கவனமான மனிசன் என்று நம்பினேன், இனி அவனிடம் போகமாட்டேன் என்றாள். ஞாயிறு நான் வாங்கிக் கொடுத்ததையே போடப்போகிறாளாம், குத்தினாலும் பரவாயில்லையாம். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. என் சோற்றை மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

வாங்க: பால், கடலை மா, அபிக்குச் சொக்ஸ்.

மே 17, சனி

வானம் வெளித்துவிட்டது. ஒன்பது மணி. வதனி கொடியில் உடுப்பு விரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போய்ச் சொன்னேன். மூர்த்தியின் பிழை இல்லை, நான்தான் இளக்கினேன் என்று.

"எத்தினை சுத்து?"

"அரை."

"ரெண்டிலயுமோ?"

"ஓம்."

மிச்ச உடுப்பையும் விரித்தாள். அபியின் சீருடை, என் வேலைச் சட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு கிளிப். ஏன் என்று கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை. நானாகவே தொடங்கினேன். அவன் உம்மோடு கதைக்கிறது, கப்டன் உம்மைக் கேட்டது, எனக்குப் பொறாமை என்று. அந்தச் சொல்லைச் சொன்னேன். கட்டிலில் விழுந்தது பொய்த் துப்பாக்கிதானே என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஞாயிறு அதுக்குள்ள குண்டு இருந்திருக்கும்," என்றாள். "அபியும் பாக்க வாறனெண்டு நிண்டவள்."

வாளியை எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"ஊரில துவக்கு வைச்சிருந்தவங்களுக்குப் பயந்துதான் ஓடி வந்தனாங்கள். அவங்கள் வந்தால் நாய் குலைக்கும், ஒளிக்கலாம். உங்களுக்கு நான் என்னெண்டு ஒளிக்கிறது?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்தவர் உறையில் கை வைத்தவனுக்குக் கிளப்பில் இடமில்லை. கிளப் இல்லையென்றால் பிஸ்டலுக்கு அனுமதியும் இல்லை, பொலிஸில் ஒப்படைக்க வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் தெரியும். கப்டனுக்கு நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ என்று மட்டும் கேட்டாள். முதலில் மூர்த்தியிடம் போய் மன்னிப்புக் கேட்கட்டா என்றேன். அது பிறகு என்றாள்.

குசினி மேசை. கப்டனுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. வதனி எதிர்க் கதிரையில், ஈரக் கையோடு.

"திரும்ப அடியுங்கோ."

அடித்தேன். எடுத்தார்.