உங்கப்பாவோட கொழுப்பு

சின்னவனுக்கு அம்மா எழுதுறது. நான் நல்லா இருக்கேன், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பன்னு நம்புறேன். உங்கப்பாவைக் கேட்டா எனக்கென்ன கேடும்பாரு, அதனால அவர் கதையையும் நானே எழுதுறேன். போன்ல சொன்னா நீ சரிம்மா சரிம்மான்னு வச்சிடுவ.

போன மாசம் சித்தி வீட்டுல இருந்தோம்னு சொன்னது பொய், ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். உங்கப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். பதறாத, அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வச்சாச்சு, இப்ப வீட்டுல உட்கார்ந்து ஃபேன் சத்தம் போடுதுன்னு என்னைக் குறை சொல்லிக்கிட்டு இருக்காரு. இந்த மனுஷனுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு முப்பத்தஞ்சு வருஷமா நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல, போன வருஷம் லேப்ல ரத்தம் எடுத்து அதையே எழுதிக் கொடுத்தாங்க. டாக்டரம்மா மாத்திரை கொடுத்தாங்க, மூணு மாசத்துல நம்பர் இறங்குச்சு, உடனே ஐயா குணமாயிட்டேன்னு தானே தீர்ப்பு சொல்லி மாத்திரையை நிறுத்திட்டாரு. இறங்கினதே மாத்திரையாலதாங்கன்னா, நல்லா ஓடுற லிஃப்டை எதுக்குக் கழட்டணும்னு என்னையே கேட்டாரு. மாசாமாசம் நல்லா ஓடுற லிஃப்டைக் கழட்டி எண்ணெய் போட்டுத்தான் இவர் சம்பளமே வாங்குறாரு. மாடி ஏறும்போது நடுவுல நின்னு நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு வெறும் கேஸ்தான்னு சொல்வாராம், கூட வேலை பார்க்கிற வெல்டர் இத்தனை நாள் வாயைப் பொத்திக்கிட்டு இருந்துட்டு இப்ப வந்து சொல்றாரு.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க. கெட்ட கொழுப்பு இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள வருஷக்கணக்கா சத்தமில்லாம படியுமாம், வலியே தெரியாதாம். ஒருநாள் அந்தப் படிவு வெடிச்சு, அது மேல ரத்தம் உறைஞ்சு வழியை அடைச்சா, இதயத்துக்கே ரத்தம் கிடைக்காதாம். உங்கப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, நல்ல கொழுப்புன்னு ஒண்ணு இருக்காமே, எனக்கு அது எவ்வளவுன்னு கேட்டாரு. ரொம்பக் கம்மின்னாங்க. எனக்குத் தெரியாததா!

இப்ப உன் விஷயம். நான் ஒல்லி எனக்கெதுக்கு டெஸ்ட்னு சிரிக்காத, ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் கொழுப்பு ஏறுமாம், குடும்ப வழியாவும் வருமாம், பிள்ளைங்களையும் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்கன்னு டாக்டரம்மா ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாங்க. அவர் மூக்கும் பிடிவாதமும் அப்படியே உனக்கு வந்திருக்கு, இது மட்டும் வராமலா இருக்கும்?

ஆம்புலன்ஸ்ல அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனப்ப எனக்குத் திட்ட வாயே வரலடா. கல்யாணமான நாள்ல இருந்து நான் அவரைத் திட்டாம இருந்தது அந்த இருபது நிமிஷம்தான். ரொம்பப் பயந்துட்டேன். அப்படி இன்னொரு இருபது நிமிஷம் எனக்கு வேண்டாம்.

நோய்நொடி இல்லாம நீண்ட நாள் நல்லா இரு. இந்த வாரமே லேப்ல டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு ரிசல்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு, வாயால சொன்னா நம்பமாட்டேன்.

உன்னையும் உங்கப்பாவையும் இன்னும் ரொம்ப வருஷம் திட்ட ஆசைப்படுற,
அம்மா